படகின் அடியில் ஒரு துளை

கடலோரப் பங்குகளில் பணிபுரியும் குருக்களுக்கு ஆண்டில் சிலமுறையேனும் வாய்க்கும் பணி புதுப் படகு மந்திரிப்பு. அணியத்தில் மாலை தொங்கும். பக்கவாட்டில் புனித அந்தோணியார் பெயரோ சவேரியார் பெயரோ புது வண்ணத்தில் மின்னும். செபம் முடிந்து தீர்த்தம் தெளித்துக்கொண்டே நாம் பின்புறம் செல்லும்போது, படகின் உடைமையாளர் குனிந்து நடுவிலுள்ள பலகையைத் தூக்குவார். "சாமி, இஞ்சினுக்கும் கொஞ்சம் தெளிச்சிருங்க" என்பார். உள்ளே இருட்டில், எண்ணெய் மணக்க, பச்சை வண்ணம் பூசிய இரும்பு ஒன்று படுத்திருக்கும்.

பழைய இலத்தீன் சடங்கு நூலில் கப்பலை மந்திரிக்கும் செபம் ஒன்று உண்டு. அதில் நோவாவின் பேழை வருகிறது. கடல்மீது நடந்த பேதுருவுக்கு ஆண்டவர் நீட்டிய கரம் வருகிறது. இயந்திரம் வரவில்லை. வருவதற்கு வழியுமில்லை. அந்தச் செபம் பாய்மரத்தின் காலத்தது. நம் மக்களோ இன்று நோவாவையும் பேதுருவையும் கேட்டுவிட்டுப் பலகையைத் தூக்குகிறார்கள். இந்த இரும்பு நம் கடலோரத்துக்கு எப்படி வந்தது, வந்து யாரை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று எண்ணிப் பார்ப்பது, திருச்சபையின் பிள்ளைகளாகிய நமக்குப் பயனற்ற ஆராய்ச்சி ஆகாது என்று கருதுகிறோம்.

படகில் பெட்ரோல் இயந்திரம் ஏறியது 1886ஆம் ஆண்டில். செருமனி நாட்டின் நெக்கர் ஆற்றில் காட்லீப் டைம்லரும் வில்லெம் மேபாக்கும் சிறு படகொன்றில் தங்கள் பெட்ரோல் இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டினார்கள். பெட்ரோல் வெடித்துவிடும் என்று மக்கள் அஞ்சியதால், அது மின்சாரத்தால் ஓடுவதுபோல் தோற்றம் காட்டினார் டைம்லர் என்று சொல்வதுண்டு. மக்களின் அச்சம் முற்றிலும் பொய்யுமன்று. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. திறந்த வண்டியிலே அது காற்றோடு போய்விடும். படகிலோ அடிப்பள்ளத்தில் இறங்கித் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

ஆகவே மீனவர்களுக்கு உகந்ததாக அமைந்தவை கனத்த எண்ணெயில் ஓடும் இயந்திரங்களே. ஆங்கிலேயரான ஆக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890இல் காப்புரிமை பெற்ற முறையையொட்டி, வடஐரோப்பியப் பட்டறைகள் ஒற்றை உருளை கொண்ட முரட்டு இயந்திரங்களைச் செய்தன. அவற்றின் தலையில் இரும்புக் குமிழ் ஒன்று இருக்கும். ஊதுவிளக்கால் அந்தக் குமிழைப் பல நிமிடங்கள் சூடேற்றிப் பழுக்கவைத்த பின்னரே கனத்த சக்கரத்தைக் கையால் உந்திச் சுழற்ற வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துடுப்பும் பாயும் கொண்டு குளிர்கடலில் மீன்பிடித்த நார்வே மக்களின் படகுகளில் இவை ஏறின. விடியற்காலையில் விளக்கேற்றிக் குமிழ் பழுக்கக் காத்திருந்ததும் அந்நாட்டு மீனவர் வாழ்வின் ஒரு பகுதியாயிற்று. அதன்பின் ருடால்ப் டீசல் 1890களில் உருவாக்கிய முறையின் வழிவந்த சிறு இயந்திரங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. ஆக, அரை நூற்றாண்டுக் காலம் தந்தையிடமிருந்து மகன் கற்ற பழக்கத்தோடுதான் நார்வேக்காரன் டீசல் இயந்திரத்தைக் கையாண்டான். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நம் கடற்கரைக்கு இயந்திரம் வந்தது. அந்த அரை நூற்றாண்டு வரவில்லை.

1952ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் புதுதில்லியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. செருமானியப் படையின் ஆதிக்கத்திலிருந்து விடுபட்டு ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த நார்வே, தானே அமெரிக்க உதவியைப் பெற்று மீண்டெழுந்துகொண்டிருந்த நாடு. அந்த நாடு பிற நாடொன்றுக்குச் செய்ய முன்வந்த முதல் வளர்ச்சி உதவி இதுவே. அரசு கொடுத்த பணத்தோடு, பொதுமக்களிடம் திரட்டிய நிதியும் சேர்ந்தது. மீன்பிடித்து வாழ்ந்த சிறு நாடு, தனக்குத் தெரிந்த தொழிலையே தருமமாகக் கொடுக்க விரும்பியதில் ஓர் அழகு உண்டு.

அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் அன்றைய திருவிதாங்கூர் கொச்சி மாநிலத்தில், கொல்லத்துக்கு வடக்கே, அஷ்டமுடிக் காயல் கடலோடு கலக்கும் முகத்துவாரம். தென்கரையில் சக்திகுளங்கரை, பெரும்பாலும் இலத்தீன் கத்தோலிக்கர் வாழும் ஊர். வடகரையில் நீண்டகரையும், இந்து அரயர் மிகுதியாக வாழும் புத்தன்துறையும். கொல்லம் நமக்கு அந்நியமான இடமன்று. 1329ஆம் ஆண்டிலேயே ஆயர் பீடமாக்கப்பட்ட ஊர் அது. நம் கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் பிரிந்து வந்ததும் அந்தத் தாய் மறைமாவட்டத்திலிருந்துதான். லுத்தரன் மரபில் வந்த நார்வே நாட்டினர் கத்தோலிக்கர் ஊரில் வந்து குடியேறினர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பத்தாண்டு முற்பட்ட காலம் அது என்பதை நினைத்தால் சற்றே வியப்பாயிருக்கிறது. அவர்கள் மறைபரப்ப வரவில்லை. மருத்துவமனை அமைத்தார்கள், குடிநீர்க் குழாய் போட்டார்கள், பனிக்கட்டித் தொழிற்சாலையும் படகு கட்டும் துறையும் இயந்திரப் பட்டறையும் நிறுவினார்கள்.

முதலில் அவர்கள் எண்ணியது எளிமையானது. ஊரில் இருக்கிற வள்ளங்களிலேயே இயந்திரத்தைப் பொருத்திவிட்டால் போதுமே! அது கைகூடவில்லை. ஏன் என்பதை விளக்க வேண்டும். இக்கட்டுரையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

உள்ளே பொருத்தும் இயந்திரத்துக்குப் படகின் அடியில் ஒரு துளை வேண்டும். அந்தத் துளை வழியே ஓர் இரும்புத் தண்டு வெளியே சென்று, நீரைப் பின்னுக்குத் தள்ளும் விசிறியைச் சுழற்றும். தண்டு நேராக ஓட வேண்டுமானால் ஏரா என்னும் அடிக்கட்டை உறுதியாக இருக்க வேண்டும். இயந்திரத்தின் அதிர்வைத் தாங்கும் படுக்கைச் சட்டங்கள் வேண்டும். ஒரே மரத்தைக் குடைந்த வள்ளத்துக்கும், கயிற்றால் பலகைகளைத் தைத்த வள்ளத்துக்கும் இவை கிடையா. வளைந்து கொடுப்பதே அவற்றின் வலிமை. அலையடிக்கும்போது சற்றே நெளிந்து பிழைத்துக்கொள்ளும் தையல் வள்ளத்தில், இம்மியும் நெளியக் கூடாத தண்டை எங்கே வைப்பது? அதைவிடப் பெரிய தடை கரை. நம் கடற்கரைப் படகுகள் அலைமீதேறி மணலில் வந்து மோதி நிற்பவை. மோதியபின் ஆட்கள் கூடி இழுத்து மேலேற்றுவார்கள். அடியில் விசிறியும் சுக்கானும் நீட்டிக்கொண்டிருக்கும் படகு அப்படி வந்தால் முதல் நாளே விசிறி ஒடிந்து தண்டு வளைந்துபோகும்.

ஆகவே புதுப் படகுகளைக் கட்டினார்கள். 25 அடி அளவிலான, ஏரா வைத்த, சிறு டீசல் இயந்திரம் பொருத்திய மரப்படகுகள். 32 அடிப் படகுகள் பின்னர் வந்தன. அவை மணலில் ஏறவில்லை. அஷ்டமுடிக் காயலின் அமைதியான நீரில் நங்கூரமிட்டு நின்றன. முகத்துவாரம் அருகிலிருந்த ஊராருக்கு அது வரமாயிற்று. அதே கொல்லம் கரையில், காயலும் கழிமுகமும் இல்லாமல் திறந்த மணலில் வாழ்ந்த ஊர்களுக்கு அந்தப் படகால் என்ன பயன்? இயந்திரத்தைக் கொண்டுவந்தவர்கள் யாரையும் ஒதுக்க நினைக்கவில்லை. ஆனாலும் அந்தத் துளை கரையை இரண்டாகப் பிரித்துவிட்டது. துறை உள்ள ஊர் ஒரு பக்கம், அலைவாய் மணல் மட்டும் உள்ள ஊர் மறுபக்கம்.

இரண்டாவது பிரிவினையைச் செய்தது பராமரிப்பு. இதைப் பற்றி வரலாறு எழுதுவோர் அதிகம் பேசுவதில்லை. நமக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் நம் பங்கிலிருந்த முதிய மெக்கானிக் ஒருவர். மாலைச் செபமாலை முடிந்தபின் அறைவீட்டுத் திண்ணையில் அமர்ந்து, நம்முடைய அறியாமையைப் பொறுத்துக்கொண்டு அவர் சொன்னவற்றைச் சுருக்கித் தருகிறோம்.

தண்டு வெளியேறும் துளையில் கடல்நீர் உள்ளே வராமல் தடுக்க, கொழுப்பூட்டிய நூற்கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றி அழுத்தியிருப்பார்கள். 'கிளாண்டு' என்று பட்டறையில் சொல்வார்கள். புதியவன் என்ன செய்வான்? ஒரு சொட்டும் வரக்கூடாதென்று திருகை இறுக்குவான். தண்டு சூடேறித் தேய்ந்து கோடு விழுந்துபோகும். தேர்ந்தவன் இயந்திரம் ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டுகள் கசியும்படி விட்டுவைப்பான். அந்தச் சொட்டுகளே தண்டைக் குளிர்விக்கின்றன. தளர்ந்தால் படகு மூழ்கும். இறுகினால் தண்டு கெடும். எந்த இறுக்கம் சரியென்பதைக் கை அறிய வேண்டும். நூல் படித்து வருவதன்று அது.

அடுத்தது குளிர்நீர். வண்டிக்குக் காற்று, படகு இயந்திரத்துக்குக் கடல். அடியிலுள்ள வால்வைத் திறந்து, நீரேற்றி வழியாகக் கடல்நீரை உள்ளிழுத்து, இயந்திரத்தைச் சுற்றவிட்டு வெளியே தள்ள வேண்டும். புறப்படும்போது வால்வைத் திறக்க மறந்தால் நீரேற்றியின் இரப்பர் இதழ்கள் சில நிமிடங்களில் கருகிவிடும். பாசி அடைத்தாலும் அதுதான் கதி. இன்று பாசியைவிடப் பிளாஸ்டிக் பைகளே மிகுதி. வெப்பம் கூடினால் கடல்நீரிலுள்ள உப்பு உட்சுவர்களில் படிந்து வழியை அடைத்துவிடும். ஆகவே ஓட்டுபவன் இயந்திரம் கிளம்பியதும் வெளியே எட்டிப் பார்க்கிறான், புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று.

டீசலில் தண்ணீர் கலக்கக் கூடாது. பாதி காலியான தொட்டியில் இரவுப் பனி நீராகித் தங்கும். அதை அடித்திருகு வழியாக வடிக்க வேண்டும். எரிபொருள் குழாயில் காற்று புகுந்தால் இயந்திரம் இருமி நின்றுவிடும். நடுக்கடலில், ஆடும் படகில், திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தி, குமிழிகள் ஓய்ந்து வெறும் எண்ணெய் வரும்வரை பொறுத்திருந்து மறுபடி இறுக்க வேண்டும். கரையில் வைத்துத் தண்டைச் சரியாகப் பொருத்தினாலும், படகு நீரில் சில நாள் மிதந்தபின் மறுபடி சரிபார்க்க வேண்டும். நீர் தாங்கும்போது மரம் வேறொரு வடிவம் கொள்கிறது. வெண்கல விசிறியையும் இரும்புத் தண்டையும் உப்புநீர் அரிக்காதிருக்க அருகில் துத்தநாகத் துண்டொன்றைப் பொருத்துவார்கள். அரிப்பையெல்லாம் அது தன்மேல் ஏற்றுக்கொண்டு கரைந்துபோகும். கரைந்தபின் புதியது வைக்க வேண்டும். இதை மறையுரையில் உவமையாக்கும் ஆசை நமக்கு வந்ததுண்டு. அடக்கிக்கொண்டோம்.

கத்தோலிக்கக் கடலோர ஊர்களில் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. அந்த ஓய்வு இயந்திரத்துக்கும் நன்மை செய்தது என்பார் அந்த மெக்கானிக். வாரம் முழுதும் ஓடியதைச் சனிக்கிழமை மாலையில் திறந்து பார்க்க ஒரு காரணம் கிடைத்தது. நாள் தவறாமல் ஓடிய படகுகளே நடுக்கடலில் அதிகம் நின்றன என்றும் சொல்வார். அவர் சொல்லைச் சோதித்துப் பார்க்க நம்மிடம் கணக்கேதுமில்லை. அவர் முகத்தை நம்பினோம்.

இத்தனை அறிவையும் சக்திகுளங்கரையின் இளைஞர்கள் சில ஆண்டுகளில் பெற வேண்டியிருந்தது. பெற்றார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. நார்வேயினர் நடத்திய பட்டறையே பள்ளியாயிற்று. ஆனால் வலையும் துடுப்பும் மட்டுமிருந்த காலத்தில் மீனவன் தன் கருவியைத் தானே செப்பனிட்டுக்கொண்டான். கட்டுமரத்தின் கட்டு அவிழ்ந்தால் கயிறு போதும். இயந்திரம் பழுதானால் உதிரிப்பாகம் வேண்டும். அதைச் செய்பவன் எங்கோ இருக்கிறான். பாகம் வரும்வரை படகு காயலில் கிடக்கும், தவணை மட்டும் கிடக்காது. மானியத்திலும் தவணையிலும் கொடுக்கப்பட்ட படகுகளுக்குப் பணம் திரும்பி வருவதில் தொடக்கத்திலிருந்தே தொல்லை இருந்தது. பழுதைத் தாங்கக் கையில் பணம் வைத்திருந்தவர் நிலைத்தார். மற்றவர் படகைக் கொடுத்துவிட்டு, இன்னொருவர் படகில் கூலிக்கு ஏறினார்.

இதற்கிடையில் இறால் வந்தது. ஊர்மக்களின் உணவுக்கு மீன் பெருக வேண்டும் என்பதே திட்டத்தின் தொடக்க நோக்கம். உறையவைத்த இறாலுக்கு 1950களில் அமெரிக்காவில் சந்தை திறந்ததும் நோக்கம் மாறியது. கடலடியைத் துழாவி இழுக்கும் மடிக்கு இயந்திரத்தின் இழுவிசை இன்றியமையாதது. இறால் விலை, இயந்திரச் செலவைத் தாங்கியது. கடலைப் பாராத செல்வர்களும் படகு வாங்கினார்கள். திட்டத்தின் மையம் 1963இல் எர்ணாகுளத்துக்கு மாறியது. 1972இல் திட்டம் முடிந்தது. நார்வேயின் மானிடவியலாளர் ஆர்னே மார்ட்டின் கிளாவ்சன் 1968இல் ஒரு நூலே எழுதினார். யோகான் கால்டுங்கும், கேரளத்தின் ஜான் குரியனும் கடுமையாகவே ஆராய்ந்தார்கள். கொடுத்தவர் நாடே தன் கொடையைக் கேள்வி கேட்டதை நாம் மதிக்கிறோம். நம் மறைமாவட்டங்களின் சமூகப் பணித் திட்டங்களை இப்படித் திரும்பிப் பார்த்து எழுதியவர்கள் மிகச் சிலரே.

குமரிக் கரைக்கு வருவோம். பாறை அரண் உள்ள குளச்சலிலும் பின்னர் துறைமுகம் பெற்ற சின்னமுட்டத்திலும் விசைப்படகுகள் நின்றன. அலைவாய் ஊர்கள் கட்டுமரத்தோடும் வள்ளத்தோடும் இருந்தன. ஆழ்கடல் மீன்பிடிப்பில் பேர்பெற்ற தூத்தூர் வட்டார மக்கள் தங்கள் படகுகளைக் கொச்சித் துறையில் கட்டி, வீட்டைவிட்டு நெடுந்தொலைவில் தொழில் செய்யப் பழகினார்கள். தேங்காப்பட்டணம் துறைமுகம் இந்த நூற்றாண்டில்தான் அமைந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது அவ்வூர்களின் பங்குப் பதிவேடுகளில் ஏறிய பெயர்களை எண்ணுகையில், துறையற்ற ஊரின் மகன் எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பதும் நெஞ்சை அறுக்கிறது.

1980களில்தான் அலைவாய் ஊர்களுக்கு வேறு வழி பிறந்தது. படகின் பின்புறம் மாட்டி, கரை நெருங்கும்போது தூக்கிக்கொள்ளத்தக்க, மண்ணெண்ணெயில் ஓடும் வெளிப்பொருத்து இயந்திரங்கள் வந்தன. அடியில் துளை வேண்டாம். ஆனால் எரிபொருளைக் குடித்துத் தீர்த்தன; ஆயுளும் குறைவு. அதே பத்தாண்டில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில், டீசல் இயந்திரத்தையும் தண்டையும் விசிறியையும் ஒரே பெட்டிக்குள் அமைத்து, கரையேறும்போது விசிறி மேலெழும்படி சாய்க்கும் உள்பொருத்து முறை ஒன்று உருவானது. அதில் உழைத்த படகு வடிவமைப்பாளர் ஓவின் குல்பிரான்சன், நார்வே நாட்டவர். 1950களில் அவர் நாட்டாரால் தாண்ட முடியாத மணல்மேட்டை, முப்பது ஆண்டு கழித்து அவர் தாண்டிக் காட்டினார். எல்லாக் கரைகளுக்கும் அது பரவவில்லை.

அதற்குள் கடலில் சண்டை மூண்டிருந்தது. கரையோரம் மேய்ந்த இழுவைப் படகுகள் கட்டுமரக்காரரின் வலையை அறுத்தன. படகுகள் எரிந்தன, மனிதர் மாண்டார்கள். கேரளம் 1980இலும் தமிழகம் 1983இலும் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டங்களை இயற்றின. அன்றைய தமிழகச் சட்டப்படி கரையிலிருந்து 3 கடல்மைல் வரை விசைப்படகுக்கு இடமில்லாதிருந்தது. மழைக்கால இழுவைத் தடையைக் கேட்டு அருள்தந்தையரும் அருள்சகோதரியரும் உண்ணாநோன்பிருந்தார்கள். இரட்சகர் சபைக் குரு தாமஸ் கோச்சேரி அவர்களில் முன்நின்றவர். கேரளத்தில் 1988 முதல் அந்தத் தடை நடைமுறைக்கு வந்தது. நாம் அப்போது இளங்குருமடத்தில் இருந்தோம். குருக்கள் தெருவில் இறங்கலாமா என்று உணவு வேளையில் மூத்தவர்கள் வாதிட்டதைக் கேட்டிருக்கிறோம். யாரும் எளிதாகப் பேசவில்லை. விசைப்படகு உடைமையாளரும் கட்டுமரக்காரரும் ஒரே பீடத்தின்முன் நற்கருணை வாங்கியவர்கள். கோயில் கட்ட அதிகம் கொடுத்தவர் யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கொடையின் கனத்தால் சில ஊர்களில் நம் வாய் அடைபட்டது என்று எழுதும்போது, பிறரைமட்டும் சுட்டுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

சென்ற மாதமும் ஒரு படகை மந்திரித்தோம். வழக்கம்போல் பலகை தூக்கப்பட்டது, தெளித்தோம். உடைமையாளரின் மகன் உள்ளே இறங்கி வால்வைத் திறந்தான். கிளாண்டைத் தொட்டுப் பார்த்தான். விசையை முடுக்கியதும் கரும்புகை எழுந்து மெல்ல வெளுத்தது. தாயும் உறவினரும் பூத் தூவ, அவனோ அவர்களைப் பாராமல் பக்கவாட்டில் குனிந்து, குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டியது. அதன்பின்பே நிமிர்ந்து சிலுவை வரைந்துகொண்டான்.